பாஸ், ஃபெயில் எண்ணும் ஸ்கிரிப்ட்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இரவில் ஓடும் சாதனச் சோதனைகளின் லாக் (பதிவு) கோப்பைப் படித்து, எத்தனை பாஸ், எத்தனை ஃபெயில் என்று காலையில் மின்னஞ்சல் அனுப்பும் பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதலில் அதில் இருந்தவை இரண்டே வரிகள். உரையில் சொற்களைத் தேடும் கிரெப் கட்டளையை, எண்ணிக்கை தரும் 'சி' தெரிவுடன் பாஸுக்கு ஒருமுறையும் ஃபெயிலுக்கு ஒருமுறையும் இயக்கினேன்.

அந்தத் தெரிவு சொற்களை எண்ணுவதில்லை. சொல் இடம்பெறும் வரிகளைத்தான் எண்ணுகிறது. ஒரே வரியில் மூன்று முடிவுகள் வந்தாலும் கணக்கில் ஒன்றே சேரும். 'ஓ' தெரிவால் ஒவ்வொரு பொருத்தத்தையும் தனி வரியாக்கி, வரிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளையிடம் கொடுத்தால் இது தீர்ந்துவிடும். பெயரிலேயே 'பைபாஸ்' உள்ள சோதனை தோற்றாலும் பாஸ் கணக்கில் ஏறியதும், எதிர்பார்த்த தோல்வியைக் குறிக்கும் 'எக்ஸ்ஃபெயில்' உண்மைத் தோல்வியாக எண்ணப்பட்டதும் இதைவிடப் பெரிய தொல்லைகள். போதாக்குறைக்கு, ஒரு ஃபெயிலும் இல்லாத நன்னாளில்தான் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. பொருத்தம் எதுவும் கிடைக்காவிட்டால் கிரெப், முடியும்போது சொல்லும் வெளியேறு குறியீடாக 1 தரும்; 0 அல்லாத குறியீட்டை பாஷ் பிழையாகவே கொள்ளும். பிழை வந்தால் உடனே நிற்கும்படி பாஷிடம் நானே சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நிறுத்தத்தைச் சரிசெய்து, முழுச் சொல்லை மட்டும் பொருத்தும் 'டபிள்யூ' தெரிவைச் சேர்த்தபின் ஓராண்டுக்கு மேல் சிக்கலின்றி ஓடியது. பிறகு ஒருநாள், பாஸ் பச்சையிலும் ஃபெயில் சிவப்பிலும் தெரியும்படி சோதனைக் கருவியில் நிறம் சேர்க்கப்பட்டது. திரையில் அழகாகத் தெரிந்த அந்த நிறம், லாக் கோப்பில் 'எம்' என்ற எழுத்தில் முடியும் ஒரு குறியீடாக, இடைவெளியின்றி முடிவுச் சொல்லின் முன் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த எழுத்தையும் சொல்லின் பகுதியாகவே கிரெப் கருதியதால், பாஸும் 0, ஃபெயிலும் 0 என்றாகிவிட்டது. ஃபெயில் 0 என்றால் வெற்றி என்று நான் எழுதி வைத்திருந்தபடியே, மூன்று நாள் தொடர்ந்து வெற்றி மின்னஞ்சல் சென்றது. பாஸும் 0 என்று அதே மின்னஞ்சலில்தான் இருந்தது. தலைப்பைத் தாண்டி நான் படிக்கவில்லை.

இப்போது அதை, உரையை வரி வரியாக அலசும் ஆக் மொழியில் மாற்றி எழுதியிருக்கிறேன். பத்து வரிகூட வராது. நிறக் குறியீடுகளை முதலில் நீக்கி, வரியில் முடிவு வரும் பகுதியை (புலத்தை) மட்டும் எடுத்து, அதில் இருக்கும் சொல்லையே அணியின் (பட்டியலின்) சாவியாக வைத்து, சொல்லுக்கொரு கணக்காக எண்ணுகிறது. அதனால் 'ஸ்கிப்', 'எரர்' போல நான் நினைத்துப் பாராத சொற்களும் தாமாகவே அறிக்கையில் வந்துவிடுகின்றன. பெர்ல் நிரல்மொழி உலகில் பிறந்த டேப் என்ற சோதனை அறிக்கை வடிவத்தில், எத்தனை சோதனைகள் ஓடவேண்டும் என்பதை ஒரு திட்ட வரி அறிவிக்கும். அந்த வழக்கத்தை நானும் கடன் வாங்கி, எண்ணிய மொத்தம் எதிர்பார்த்த மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தோல்வி என்றே அறிவிக்கிறேன். தோல்விகளின் எண்ணிக்கையை வெளியேறு குறியீடாகத் தருவதையும் கைவிட்டேன். அதில் 255 வரைதான் இடமுண்டு என்பதால், 256 தோல்விகள் வந்தால் குறியீடு 0 ஆகி வெற்றியைக் காட்டும்.

ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியின் பாணியில், முடிவுகளைப் பிரித்துக் குறிக்கும் எக்ஸ்எம்எல் அறிக்கை தரும் கருவி கைவசம் இருப்பவர்கள் இந்தப் பாட்டையெல்லாம் பட வேண்டியதில்லை. நான் சோதிக்கும் பழைய சாதனங்கள் சீரியல் போர்ட் வழியே வெறும் உரையை மட்டுமே தருவதால், எனக்கு அந்த வழி இல்லை.