சம்பளம் இல்லாத டியூட்டி லிஸ்ட்: ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ் பார்வையில் கூகுள் கேலண்டர்

வார்டுக்கு டியூட்டி லிஸ்ட் போட்டே தலை நரைத்தவள் நான். யாருக்கு நைட், யாருக்கு ஆஃப், யார் லீவுக்கு யார் மாற்று என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பழகிய கை. ரிட்டயர் ஆனால் அந்தக் கட்டங்களிலிருந்து விடுதலை என்றார்கள். அப்படிச் சொன்ன யாரும் ஒரு சேவைச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போது என் கணக்கில் இருப்பவை: நர்சிங் பேட்ச்சின் சந்திப்பு, கூட வேலை பார்த்தவர்களின் சந்திப்பு, வீட்டுக்காரருடைய பள்ளித் தோழர்கள் சந்திப்பு (அதில் நான் இணைப்பு மட்டும்), சங்கத்தின் மாதக் கூட்டம், ரத்ததான முகாம், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குழு, சக்கர நாற்காலியும் வாட்டர் பெட்டும் இரவல் கொடுக்கும் வேலை. நின்றுபோனது சம்பளம் மட்டும்தான்.

இவ்வளவையும் கூகுள் கேலண்டரில்தான் வைத்திருக்கிறேன். 2006-ல் வந்த பழைய சரக்கு இது. காசு கிடையாது, ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். நாள் குறிப்பதும் மணி அடிப்பதும் எல்லா கேலண்டரும் செய்கிற வேலை. நான் பார்த்தது, டியூட்டி லிஸ்ட் போடுகிற மூளை இதற்கு இருக்கிறதா என்று. பெரும்பாலும் இருக்கிறது.

முதலில், திரும்பத் திரும்ப வருகிறவை. எங்கள் மாதக் கூட்டம் இரண்டாவது சனிக்கிழமை. தேதி மாறும், கிழமை மாறாது. "மாதந்தோறும் இரண்டாவது சனி" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதுவே போட்டுக்கொள்கிறது. ஒரு மாதம் ஹால் கிடைக்கவில்லை என்று நாளை மாற்றினால், இது மட்டுமா, இதுவும் இனி வருபவையுமா, எல்லாமேவா என்று கேட்கும். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் ஒரே ஒரு ஷிஃப்ட் மாற்றத்துக்காக மொத்த லிஸ்டையும் கிழித்துப்போட்ட சூப்பர்வைசர்களைப் பார்த்தவள் நான். இதற்கே ஒரு மதிப்பெண் தனியாகக் கொடுப்பேன்.

அடுத்தது நேர வித்தியாசம். பேட்ச் சந்திப்பு நேரில் எப்போதாவதுதான் நடக்கும், மற்ற மாதங்களில் வீடியோவில். ஒருத்தி லண்டனில், ஒருத்தி டெக்சாஸில், ஒருத்தி குவைத்தில். லண்டனுக்கும் டெக்சாஸுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம் என்று மனப்பாடம் செய்து வைத்தால் மார்ச் மாதம் காலை வாரிவிடும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள், பிரிட்டனில் கடைசி ஞாயிறுதான். நடுவில் உள்ள இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் ஐந்து மணி நேரம். அக்டோபர் கடைசியிலும் இதே கூத்து, ஒரு வாரத்துக்கு. குவைத்தில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. கேலண்டரில் நிகழ்ச்சியை எந்த ஊர் நேரத்தில் போடுகிறோமோ அதில் அது நிலையாக நிற்கும், மற்றவர்களுக்கு அவரவர் ஊர் நேரத்தில் காட்டும். நாங்கள் குவைத் நேரத்தில் போடுகிறோம். காரணம், அவள் ஒருத்திதான் இன்னும் வேலையில் இருக்கிறாள். டியூட்டியில் இருப்பவளை நகர்த்த முடியாது, ரிட்டயர் ஆனவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த நிகழ்ச்சியோடு கூகுள் மீட் லிங்க்கையும் சேர்த்துவிடலாம். ஆனால் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம்தான் வரம்பு. முதல் பதினைந்து நிமிடம் "கேக்குதா? ஏய், கேக்குதாடி? மைக்கைப் போடு" என்பதில் போய்விடும் கூட்டத்துக்கு இது பத்தாது. அடுத்தடுத்து இரண்டு லிங்க் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பகிர்வதில் நான்கு படிகள் உண்டு: நமக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் காட்டுவது, விவரமும் காட்டுவது, திருத்த விடுவது, பகிரும் அதிகாரத்தையே கொடுப்பது. சங்கத்துக்கென்று தனி கேலண்டர் திறந்து, தலைவருக்கும் பொருளாளருக்கும் திருத்தும் உரிமை கொடுத்திருக்கிறேன். உறுப்பினர்கள் பார்க்க மட்டும். வீட்டுக்காரருக்கு என் சொந்த கேலண்டரில் விவரம் பார்க்கும் உரிமை உண்டு. "இன்னிக்காவது வீட்ல இருக்கியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்போது போனைப் பார்த்து, "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நீ வீட்டுக்காரி இல்ல போலிருக்கே" என்கிறார்.

எண்ணிக்கை எடுக்க மட்டும் இதை நம்ப வேண்டாம். அழைப்பு அனுப்பினால் வருகிறேன், இல்லை, வரலாம் என்று பதில் சொல்ல வசதி இருக்கிறது. அலுவலகத்துக்கு அது சரி. என் வயதுக்காரர்களில் மெயிலைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு, அவர்களுடைய உலகம் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. 2022-ல் அங்கே வாக்கெடுப்பு வசதி வந்த பிறகு, யார் வருகிறார்கள் என்று அதில்தான் கேட்கிறேன். வந்த பதிலை நானே கேலண்டரில் ஏற்றுகிறேன். ஒரு ஆள் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும், லிஸ்ட் தானாக எழுதிக்கொள்ளாது. போன் பக்கமே வராத இரண்டு அக்காமார்களுக்கு மாதக் கட்டத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன். கம்ப்யூட்டரில் திறந்தால் அச்சு வசதி இருக்கிறது. எழுத்து பொடியாகத்தான் வரும், ஆகவே தலைப்பைச் சுருக்கமாக வைக்க வேண்டும்.

இரவல் பொருளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. சக்கர நாற்காலி போன நாளை நோட்டில் எழுதுகிறேன், திரும்ப வேண்டிய நாளைக் கேலண்டரில் போடுகிறேன், ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல், முதல் நாள் இன்னொன்று. ஒரே நிகழ்ச்சிக்கு இப்படிப் பல நினைவூட்டல் வைக்கலாம். போன் அடித்ததும், "இன்னும் தேவைப்படுதாம்மா?" என்று அந்த வீட்டில் கேட்கிறேன். தேவை என்றால் தேதியைத் தள்ளிவிடுவேன். சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை.

முக்கியமான குறை ஒன்று. வாரத்துக்கு ஒரு ஆஃப் கொடுக்காத டியூட்டி லிஸ்டை நான் போட்டதே இல்லை, இதற்கு ஆஃப் என்றால் என்னவென்று தெரியாது. காலியான கட்டத்தைக் கண்டால் யாராவது ஒருவர் அதில் முகாம் வைத்துவிடுவார். ஆகவே வியாழக்கிழமைகளை "ஆஃப்" என்று நாள் முழுக்க அடைத்து வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு சூட்சுமம்: முழுநாள் நிகழ்ச்சி போட்டால், நாம் மாற்றாத வரை மற்றவர்களுக்கு நாம் சும்மா இருப்பதாகவே காட்டும். உள்ளே போய் "பிஸி" என்று மாற்ற வேண்டும். ஓய்வெடுக்கிறேன் என்பதைக்கூடப் பிஸி என்று சொன்னால்தான் நம்புகிறது.

ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு சங்கம், வருடத்துக்கு ஒரு சந்திப்பு என்று இருப்பவர்களுக்குச் சுவர்க் காலண்டரும் பென்சிலுமே போதும், இதெல்லாம் வேண்டாம். இரண்டுக்கு மேல் போனால் தயங்காமல் ஆரம்பியுங்கள். வீட்டு நோயாளிகளைப் பார்க்கப் போகிற குழுக்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பலர் பார்க்கும் கேலண்டரில் நோயாளியின் பெயரையோ, நோயையோ, முகவரியையோ எழுதாதீர்கள். நாங்கள் "வீடு 3, காலை" என்று மட்டும் எழுதுகிறோம். வீடு 3 யார் என்பது என் நோட்டில் இருக்கிறது, நோட்டு பீரோவில் இருக்கிறது.