‘நூறு சதவீதம் இயற்கை’ பூச்சிவிரட்டியை நம்பி ஏமாந்த கதை

வீட்டில் காய்கறி வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். நான் இழந்தது ஒரு பாட்டில் காசை மட்டும் இல்லை.

என் அவரைக் கொடியில் அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி வந்தது. வளர்த்தவர்களுக்குத் தெரியும், இன்று கொழுந்தில் நாலைந்து கறுப்புப் புள்ளி இருக்கும், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பூங்கொத்து முழுக்க எள்ளை அப்பி வைத்தது போல மொய்த்துக் கிடக்கும். பெண் அசுவினி ஆண் துணை இல்லாமலே நேரடியாகக் குஞ்சு போடும், அந்தக் குஞ்சுகளும் ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு போட ஆரம்பித்துவிடும், அதனால்தான் அந்த வேகம். பூவெல்லாம் உதிர்கிறதே என்ற பதற்றத்தில் இருந்தபோதுதான் இணையத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மூலிகைப் பூச்சிவிரட்டி, நூறு சதவீதம் இயற்கை, எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து, தெளித்த அன்றே பறித்துச் சாப்பிடலாம். வாங்கிவிட்டேன்.

வந்த பாட்டிலில் ஒரு வேப்பிலைப் படம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்ற ஒரு வரி, அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, தேதி இல்லை, பதிவு எண் இல்லை. விற்றவருக்கு போன் போட்டுக் கேட்டேன். “அது எங்க கம்பெனி ரகசியம்ங்க, எல்லாமே மூலிகைதான், பயப்படாம அடிங்க” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மூடியைத் திறந்ததுமே பெயிண்ட் தின்னர் போல ஒரு நெடி மூக்கில் ஏறியது. வேப்ப எண்ணெயைத் திறந்தால் அடிக்கும் அந்தக் கசப்பு வாடை துளியும் இல்லை. தண்ணீரில் நாலு சொட்டு விட்டேன், கலக்காமலே பால் மாதிரி வெள்ளையாகப் பரவியது. வேப்ப எண்ணெய் அப்படிக் கரையாது, சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாக அடித்துக் கலக்கவில்லை என்றால் மேலே தனியாக மிதக்கும். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

காலை எட்டு மணிக்குத் தெளித்தேன். இருபது நிமிடத்தில் அசுவினி அத்தனையும் செத்துக் கருகி உதிர்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் ஒரு இலையைத் திருப்பினேன். ஒரு பொறிவண்டு மல்லாந்து கிடந்தது, ஆறு கால்களும் நடுங்கிக்கொண்டிருந்தன, பறக்க முயன்று இறக்கையை விரித்து விரித்து மூடியது. அதற்குக் கொஞ்சம் கீழே அதன் புழுக்கள் மூன்று, குட்டி முதலை மாதிரி இருக்குமே, அசுவினியைத் தேடித் தேடித் தின்பவை, அவையும் அசைவில்லாமல் கிடந்தன. பூசணிப் பூவின் அடியில் ஒரு தேனீ மண்ணில் வட்டம் போட்டு ஊர்ந்துகொண்டே இருந்து பத்து நிமிடத்தில் அடங்கியது. அதற்குள் தெளிப்பானிலிருந்து கசிந்த நீர் பட்ட என் மணிக்கட்டில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு தொடங்கியது. சோப்புப் போட்டுக் கழுவியும் இரவு வரை போகவில்லை.

பூச்சியியல் படித்த நண்பர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் தடுக்கும், தோலுரித்து வளரவிடாது, அதனால் அதன் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும், தெளித்த இருபது நிமிடத்தில் கூட்டமே சாகிறது என்றால் அது நரம்பைத் தாக்கும் விஷம் என்றார் அவர். தின்னர் நெடி, பால் போலப் பரவுவது, தோலில் குறுகுறுப்பு, தேனீ சாவது, இவை அத்தனையும் சேர்ந்தால் சைபர்மெத்ரின் போன்ற, பைரித்ராய்டு எனும் செயற்கை ரசாயனப் பூச்சிக்கொல்லி வகைக்குத்தான் பொருந்துகிறதாம்.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். தெளித்த அன்று மதியம் அதே கொடியில் பறித்த காயைத்தான் ஐந்து வயது மகள் உட்பட எல்லோரும் சாப்பிட்டோம். ரசாயன மருந்து என்று சொல்லியே விற்கும் பாட்டிலில்கூட, தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பயிருக்குப் பயிர் எழுதியிருக்கும். இங்கே என்ன மருந்து என்பதையே மறைத்துவிட்டு, அன்றே சாப்பிடலாம் என்று எழுதி விற்கிறார்கள். மறுநாள் செடியில் இருந்த காய் எல்லாவற்றையும் பறித்துக் குப்பையில் போட்டேன், உரத்தொட்டியில்கூடப் போட மனம் வரவில்லை.

அதோடு முடியவில்லை. மூன்றாவது வாரம் கத்தரி இலையெல்லாம் ஊசியால் குத்தியது போல வெளிறிப்போனது, அடியில் மெல்லிய நூலாம்படை. இலையை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால் சிவப்புத் தூசி நடந்து போகிறது. செஞ்சிலந்தி. அது பூச்சியே இல்லை, சிலந்திக்கு உறவான எட்டுக் கால் சிற்றுயிர், பல பூச்சிமருந்துகள் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கும் உயிர்களை அழித்துவிடும். காவலுக்கு இருந்தவர்களை நானே என் கையால் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறேன். ஆறு கத்தரிச் செடியைப் பிடுங்கினேன்.

திரும்பவும் போன் செய்தேன். திறந்த பாட்டிலுக்குப் பணம் திரும்பக் கிடையாதாம், சிலந்திக்கு இதைவிட ‘ஸ்ட்ராங்கான மூலிகை’ இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்களாம். உள்ளடக்கத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்தில் நான் போட்ட கருத்தையும் நீக்கிவிட்டார்கள்.

மூலிகை என்றாலே ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புகையிலைக் கரைசல் செடியிலிருந்து வருவதுதான், அதிலுள்ள நிக்கோடின் மனிதனுக்கும் கொடிய விஷம். அதனால் இயற்கையா என்று கேட்காதீர்கள், என்ன பொருள், எத்தனை சதவீதம், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். அசுவினிக்கு மருந்தே தேவையில்லாமல் போயிருக்கும் என்பது இப்போது தெரிகிறது. கொழுந்துக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும், அவ்வளவுதான். தேன் போன்ற கசிவுக்காக அசுவினியைக் காவல் காக்கும் எறும்புகளையும் தடுத்துவிட்டால் மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

மீதி மருந்தைச் சாக்கடையில் ஊற்றவில்லை, மூடி, குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வைத்திருக்கிறேன். நேற்று அதே வேப்பிலைப் படம், அதே பழுப்பு பாட்டில், பெயரை மட்டும் மாற்றி மறுபடி விளம்பரம் ஓடுவதைப் பார்த்தேன். இப்போது மூடி பச்சை நிறம்.