ஊசியா, புட்டியா? ஒரு சொட்டைத் தலையின் கணக்கு

குளியலறைச் சல்லடையில் தினமும் சேர்ந்த முடியைப் பார்த்துப் பயந்துபோய் நான் முதலில் ஓடியது பிஆர்பி (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) ஊசிக்கு. மாதம் ஒன்றாக மூன்று போட்டேன். அப்புறம் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்துக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது யார் கேட்டாலும் புட்டியைத்தான் காட்டுகிறேன்.

பிஆர்பி கேட்க நன்றாகத்தான் இருக்கும். நம் ரத்தத்தையே எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுகிறார்கள். சிவப்பு அடியில் தங்க, மேலே வெளிர்மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அதில் பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்) செறிந்த பகுதியை உறிஞ்சி உச்சந்தலையில் வரிசையாகக் குத்துகிறார்கள். வலி? கண்ணில் தண்ணீர் வந்தது. பிளேட்லெட்டுக்குள் வளர்ச்சிக் காரணிகள், அதாவது செல்களுக்குக் கட்டளையிடும் புரதங்கள், ஒரு பட்டாளமே உண்டு. ஐஜிஎஃப்-1 முடியை வளரும் கட்டத்தில் பிடித்துவைக்கும். விஇஜிஎஃப் முடிக்காலைச் சுற்றி ரத்த நாளங்களைப் பெருக்கும். சரி, ஆனால் அதே பொட்டலத்தில் டிஜிஎஃப்-பீட்டாவும் வருகிறதே! ஆண் வழுக்கையில் டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோன் தூண்டிவிட, முடியை ‘வளர்ந்தது போதும்’ என்று ஓய்வுக்கு அனுப்பும் ஆசாமிகளில் அதுவும் ஒன்று. பொறுக்கி எடுக்க வழியில்லை.

மினாக்ஸிடில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால், 1988இல் அமெரிக்காவில் தலைக்குத் தடவும் 2 சதவீதக் கரைசலாக அனுமதி வாங்கியது. நான் தடவுவது 5 சதவீதம். இதுவும் முடிக்காலின் அடியில் இருக்கும் செல்களை விஇஜிஎஃப்பைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. ரத்தத்தைக் கடன் கேட்பதில்லை. ஆனால் தோலில் உள்ள ஒரு நொதி இதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். அந்த நொதி குறைந்தவர்களுக்குப் பலனும் குறைவு.

எதில் இறங்கினாலும் நிறுத்தினால் வந்தது போய்விடும். அதனால் பராமரிப்புதான் என் முடிவைத் தீர்மானித்தது. காலையில் ஒரு மில்லி, இரவில் ஒரு மில்லி. 60 மில்லி புட்டி சரியாக 30 நாள். எந்தப் புட்டியைத் திறந்தாலும் அதே 5 சதவீதம். பிஆர்பியில் அந்த நிச்சயம் கிடையாது. அன்றைய ரத்தம், சுழற்றும் வேகம், குழாய் என்று எது மாறினாலும் உள்ளே போகும் சரக்கு மாறும். முதல் சுற்று ஊசிகள் முடிந்தபின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடுப்பு எடுத்து, சில ஆயிரங்களோடு போய் உட்கார வேண்டும். நான் மூன்றோடு நிறுத்தியவன், ஊசியைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

புட்டியிலும் தொல்லை உண்டு. மூன்றாவது வாரம் முடி கொத்தாகக் கொட்டியது. ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுவதுதான் அது என்று தெரியாமல் தூக்கிப்போடப் பார்த்தேன். உச்சியில் அடர்த்தி வந்தது. முன்நெற்றியில் பெரிதாக ஒன்றுமில்லை. கரைசலில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோபிலீன் கிளைக்கால் என்ற திரவத்தால் எனக்கு அரித்தது, நுரைக்கு மாறியதும் நின்றது.

பூனை வளர்ப்பவர்கள் கவனம்: மினாக்ஸிடில் அதற்கு விஷம், நக்கினால் உயிரே போகலாம். எங்கள் வீட்டுப் பூனைக்கு என் தலையணைதான் மெத்தை. இப்போது இரவில் அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன். அது வெளியே பிறாண்டிக்கொண்டிருக்கிறது.