பழைய கோப்புப் பகிர்வு சர்வர்: ஸ்கேன் போதுமா, ஊடுருவியே பார்க்க வேண்டுமா?

எஸ்எம்பி 1 என்ற பழைய விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பாதுகாப்புத் திருத்தம் (பேட்ச்) ஏறாத கோப்புப் பகிர்வு சர்வரைச் சோதிக்க உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வழிகள் இரண்டு: ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் பாதிப்பு ஸ்கேன், உண்மையிலேயே உள்ளே புகுந்து பார்க்கும் நேரடி ஊடுருவல் சோதனை.

ஸ்கேன், எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டைத் தட்டி, சர்வர் தரும் பதிலை வைத்து எஸ்எம்பி 1 ஓட்டையை அடைக்கும் எம்எஸ்17-010 என்ற மைக்ரோசாஃப்ட் திருத்தம் இருக்கிறதா என்று கணிக்கிறது. நிறைய கணினிகளை விரைவில் முடித்துவிடலாம். ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாத இணைப்பை மறுக்கும் கணினியில் அது திணறும். "பாதிப்பு தெரியவில்லை" என்பதைப் "பாதுகாப்பானது" என்று படித்துவிடக் கூடாது.

ஊடுருவல் வெற்றி பெற்றால் ஐயத்துக்கு இடமில்லை. அந்த சர்வரிலிருந்து வேறு எங்கெல்லாம் போகலாம், எந்தக் கடவுச்சொற்கள் சிக்கும் என்பதும் தெரிந்துவிடும். விலைதான் கடுமை. இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் எடர்னல்புளூ வகைத் தாக்குதல், இயக்க முறைமையின் மையமான கெர்னலின் நினைவகத்தில் கை வைக்கிறது. குறி தப்பினால் நீலத்திரை தோன்றி சர்வர் நின்றுவிடும். மறுதொடக்கம் செய்தால் எழுமா என்று யாருக்கும் தெரியாத பழைய இயந்திரத்தில் இது விளையாட்டல்ல. காப்பு நகல், நேர வரம்பு, அழைத்தவுடன் வரும் நிர்வாகி ஆகியவை இல்லாமல் தொடவே கூடாது. முடிந்தால் மெய்நிகர் நகலில் தாக்குவது மேல்.

என் சாய்வு ஸ்கேன் பக்கம். திருத்தம் 2017 மார்ச்சில் வந்தது. இதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற பணயத் தீநிரல் அதே ஆண்டு மே மாதம் பரவியது. இவ்வளவு காலம் கழித்தும் ஓட்டை திறந்திருந்தால், உடைத்துக் காட்ட வேண்டிய தேவை என்ன? நிர்வாகம் அறிக்கையை நம்ப மறுக்கும்போதும், தனியே பிரித்ததாகச் சொல்லும் வலையமைப்பு உண்மையிலேயே பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியபோதும் மட்டும் ஊடுருவலுக்குப் போகலாம்.