பூச்சின் மேல் தட்டிவிட்டு பில்லர் "நன்று" என்று எழுதிக் கொடுத்தார்கள்

1998-இல் அப்பா கட்டிய வீட்டின் மேல் மாடி கட்ட நினைத்தோம். பில்லர் தாங்குமா என்று பார்த்துவிடலாமே என்று திருச்சியில் ஒரு டெஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பதினோரு பில்லர், 22,000 ரூபாய். இரண்டு பையன்கள் வந்து, ரீபவுண்ட் ஹேமரை (கான்கிரீட்டில் அழுத்தினால் எவ்வளவு எகிறுகிறது என்று எண்ணில் காட்டும் கருவி) பூச்சின் மேலேயே வைத்து டக் டக்கென்று அழுத்தினார்கள். பூச்சைக் கொத்த வேண்டாமா என்று கேட்டால், "மெஷினே கழிச்சுக்கும் சார்" என்றார்கள். பெயின்ட் செலவு மிச்சம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் 24 பக்க ரிப்போர்ட் வந்தது. எல்லா பில்லரும் "நன்று".

அப்புறம் குளியலறைக் குழாய் வேலைக்காக ஒன்பதாம் பில்லரின் அடியில் பூச்சைத் தட்டினோம். உள்ளே ஜல்லி தனித்தனியாக நிற்கிறது; சிமென்ட் பால் இறங்கவே இல்லை. ஒரு கல்லை விரலால் பிடுங்கினேன், கையோடு வந்துவிட்டது. மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஹனிகோம்ப் சார், அடியில சரியா குத்தாம விட்டிருக்காங்க" என்றார்.

கல்லூரியில் சிவில் பாடம் நடத்தும் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் முதலில் அந்த ஒன்பதாம் பில்லரின் பூச்சின் மேலேயே ஹேமரை அழுத்திக் காட்டினார்: 19, 21, 20. என் ரிப்போர்ட்டில் அதே பில்லருக்கு 38! பூச்சை எடுத்து, கல்லால் தேய்த்துச் செய்தாலும் அந்த ஹேமர் மேல்பரப்பில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் வரைதான் சொல்லுமாம். பழைய கான்கிரீட்டில் காற்று பட்டு மேல்தோல் இறுகிவிடுவதால் எண் கூடுதலாகவே வரும். உள்ளே இருக்கும் ஓட்டையைப் பிடிக்க அல்ட்ராசோனிக் வேண்டும். ஒரு முகத்தில் அனுப்பும் அலை எதிர்முகத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு; அதிலிருந்து அலையின் வேகம் கிடைக்கும். 2018-இல் மாற்றப்பட்ட ஐ.எஸ். 13311 என்ற பழைய இந்தியத் தரநிலைப்படி நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் நல்லது, 3-க்குக் கீழே போனால் சந்தேகம். வராண்டாவில் தனியாக நிற்கும் நாலாம் பில்லரில் இடுப்பு உயரத்தில் 4.0 வந்தது, அடியில் 2.7. கான்கிரீட் போடும்போது மேலிருந்து கொட்டுவதால் ஜல்லி பிரிந்து தங்குவதும், வைப்ரேட்டர் எட்டாமல் போவதும் அடியில்தான். வந்த பையன்களோ குனியவே இல்லை.

ஆகவே டெஸ்ட் எடுப்பவர்கள் பூச்சைக் கொத்தாமல் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பில்லர் அடியில் நீங்களே சாக்பீஸால் குறி போடுங்கள். ஹேமரை இரும்புப் பட்டடையில் சரிபார்த்துக் காட்டச் சொல்லுங்கள். எண்களை உங்கள் முன்னால் எழுதவைத்து, அந்தத் தாளை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கடைசிப் பக்கத்தைப் படிங்க சார், சோதித்த இடத்துக்கு மட்டும்தான் முடிவு பொருந்தும்னு போட்டிருக்கோம்" என்றார் முதலாளி. சரி என்று படித்தேன். ஒன்பதாம் பில்லருக்கு அல்ட்ராசோனிக், நேர்முறை, எதிரெதிர் முகங்கள், 4.2 என்று இருக்கிறது. அந்தப் பில்லரின் எதிர்முகம் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் அவர்களுடைய பூஜை அறை.