மதுரையிலிருந்து கென்யா: டிக்கெட்டெல்லாம் சரி, ஸ்வெட்டர் யார் சொல்வது?

ஐந்துக்கு மூன்று ஸ்டார். கவுண்டரில் உட்கார்ந்திருந்த பிள்ளை மட்டும் இல்லையென்றால் இரண்டுதான் போட்டிருப்பேன். எங்களைக் கென்யா டூர் கூட்டிப்போன மதுரை டிராவல்ஸ் பெயரை எழுதவில்லை, வண்டிக் காசைப் பேசித் திரும்ப வாங்கியாச்சு, அதற்கப்புறமும் பேரைப் போட்டு ஒருத்தர் பிழைப்பைக் கெடுப்பது முறையில்லை. ஆனால் நம்ம ஊரிலிருந்து அந்தப் பக்கம் டூர் போகிறவர்கள் கம்மி, அக்கம்பக்கத்தில் விவரம் கேட்க ஆள் கிடைக்காது, அதனால் நான் பட்டதை எழுதி வைக்கிறேன்.

போனது நாலு பேர். நான், வீட்டுக்காரி, எட்டாவது படிக்கிற பையன், அறுபத்து நாலு வயது அம்மா. தமிழில் டப் பண்ணின விலங்கு நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து, மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான் கூட்டம் தாண்டுவதை நேரில் பார்த்தே ஆகணும் என்று பையன் இரண்டு வருஷமாக நச்சரித்தான். ஆகஸ்டில் போனோம். நைரோபியில் இரண்டு இரவு, மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் மூன்று, நைவாஷா ஏரிப் பக்கம் ஒன்று. ஒரு ஆளுக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். விமானம், ஹோட்டல், சைவச் சாப்பாடு எதிலும் குறை சொல்ல முடியாது. மும்பையிலிருந்து நைரோபி ஆறு மணி நேரம்தான், பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போவதை விடக் கம்மி.

முதல் கோளாறு ஊசியில் வந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். நாங்கள் ஜூனிலேயே முன்பணம் கட்டிவிட்டோம், ஆனால் கிளம்புவதற்குச் சரியாகப் பதினாலு நாள் இருக்கும்போது டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து போன், "சார், ஊசி போட்டாச்சுல்ல?" என்று. எந்த ஊசி என்றே எனக்குத் தெரியாது! இங்கே ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரியில் போட்டால் ஆகாது, அரசு அனுமதி பெற்ற மையத்தில் போட்டு, பாஸ்போர்ட் நம்பரை எழுதி ஒரு மஞ்சள் புத்தகம் கொடுப்பார்கள், அதுதான் கணக்கு. அன்று ராத்திரியே ரயிலைப் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி எலக்ட்ரிக் டிரெயினில் கிண்டி போய், கிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் நாலு பேரும் நின்றோம். நல்லவேளை, ஆள் பார்த்துப் போட்டுவிட்டார்கள். நீங்கள் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். அறுபது தாண்டினவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் யோசிக்க வேண்டியது உண்டு, அம்மாவைத் தனியாக உட்கார வைத்து டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். அதையெல்லாம் குடும்ப டாக்டரிடம் ஆற அமரக் கேட்டிருக்க வேண்டியது, ஓட்டத்தில் கேட்டோம். இதில் வேடிக்கை, இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவனிடம் கென்யாக்காரர்கள் அந்தப் புத்தகத்தைக் கேட்பதே இல்லை. திரும்பி வரும்போது மும்பையில் நம்ம ஆட்கள்தான் கேட்டார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக அடைத்து வைத்துவிடுவார்கள். டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான் இதையும் பரப்பும், நம்ம ஊரில் கொசுவுக்குப் பஞ்சமா, அதனால் அந்தக் கெடுபிடி நியாயம்தான். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும்.

அடுத்தது ஸ்வெட்டர். "ஆப்பிரிக்கா சார், வெயில் கொளுத்தும், காட்டன் துணியா எடுத்துக்கங்க" என்றார் ஓனர். நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 சொச்சம். கொடைக்கானலுக்கு ஆகஸ்டில் வெறும் காட்டன் சட்டையோடு போவோமா? ஜூலை, ஆகஸ்ட்தான் அங்கே குளிர் காலம் வேறு. மாராவில் காலை ஆறு மணிக்குக் கூரையைத் தூக்கின வண்டியில் நின்றால் காது விறைத்துப்போகிறது. அம்மா சுங்குடிச் சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சிங்கத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட் பக்கம் மசாய் பழங்குடிப் பெண்கள் விற்கிற சிவப்புக் கட்டம் போட்ட போர்வை, ஷூக்கா என்கிறார்கள், நாலு வாங்கினோம். அவர்கள் சொன்ன விலையில் பாதிக்கு முடித்தார் அம்மா, விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் பழகின கை. ஒன்று கவனியுங்கள், கருநீலமும் கறுப்பும் உடுத்தினால் டிசெட்சி ஈ தேடி வந்து கடிக்கும், மங்கலான காக்கி, பழுப்பு நிறம் எடுத்துப் போங்கள். மலேரியா மாத்திரையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம், ஆபீஸில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

வண்டிதான் பெரிய சண்டை. பேசும்போது லேண்ட் குரூசர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய ஜீப், என்றார்கள், நைரோபியில் வந்து நின்றது வேன். விசாரித்தால் மதுரை ஆள் மும்பை ஆளிடம் கொடுத்து, அவர் நைரோபி கம்பெனியிடம் கொடுத்து, ஒவ்வொரு கை மாறும்போதும் வண்டி ஒரு சைஸ் சிறுத்துப் போயிருக்கிறது. காய்ந்த தரையில் வேனும் ஓடும், அதில் தப்பில்லை. ஆனால் மாராவில் பாதி இடம் நம்ம திருமங்கலம், விருதுநகர் பக்கம் மாதிரி கரிசல் மண். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மழை அடித்தது, அவ்வளவுதான், பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்தது. சுற்றிலும் புல், அரை கிலோமீட்டரில் எருமைக் கூட்டம், கீழே இறங்காதீர்கள் என்று டிரைவர் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு லேண்ட் குரூசர் வந்து கயிறு கட்டி இழுத்தது. அந்த வண்டியில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தபோது எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! வண்டியின் வகையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே மாரா நுழைவுக் கட்டணம் பேக்கேஜில் சேர்த்தியா என்றும் கேளுங்கள், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், முதல் ஆறு மாதம் 100. எங்களுக்குச் சேர்த்திதான், அதை ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள்.

விசா என்று அங்கே இப்போது கிடையாது, 2024 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்கிற ஆன்லைன் அனுமதிதான். கட்டணம் 30 டாலர் சொச்சம், ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். டிராவல்ஸ்காரர்கள் ஆளுக்கு 5,500 வாங்கினார்கள். போட்டோவும் ஹோட்டல் ரசீதும் இருந்தால் நாமே போட்டுவிடலாம், அரசு இணையதளம்தானா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி அந்தக் கவுண்டர் பிள்ளை. ஓனர் ரூமுக்குள் போனதும் மெதுவாக, "அண்ணே, பாலிதீன் கவர் கொண்டு போகாதீங்க, அங்க தடை" என்றது. 2017-லிருந்தே கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, மாட்டினால் அபராதம் சின்னதில்லை. அம்மா அதற்குள் முறுக்கு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் கேரி பேக்கில் கட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் பிரித்து டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் அடைத்தோம். பிளக் சதுர முள் மூன்று, நம்ம உருண்டை முள் நுழையாது என்று சொன்னதும் அந்தப் பிள்ளைதான், டவுன் ஹால் ரோட்டில் அடாப்டர் வாங்கிக்கொண்டோம். டாலர் விஷயத்தை மட்டும் அதுவும் சொல்லவில்லை. பழைய வருஷத்துத் தாள், ஓரம் கிழிந்தது எதையும் அங்கே தொட மாட்டார்கள், என்னுடைய ஐம்பது டாலர் தாள் ஒன்று போன மாதிரியே திரும்பி வந்தது. சிம் வாங்கும்போதே எம்-பெசா என்கிற போன் பணக் கணக்கைப் போட்டுக்கொண்டால் தக்காளி விற்கிறவர் வரைக்கும் போனிலேயே காசு கொடுக்கலாம். அது 2007-லேயே ஆரம்பித்தது, நாம் ஜிபே என்று அலட்டிக்கொள்வதற்கு ரொம்ப முன்னால்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். நைரோபியில் ரயில் போட்ட காலத்திலிருந்து நம்ம நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், பார்க்லேண்ட்ஸ் பக்கம் போனால் இட்லி தோசைக்குக்கூட வழி உண்டு. சாயும் சப்பாத்தியும் அவர்கள் பாஷையிலும் அதே பெயர்தான். உகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டி, கீரைப் பொரியலோடு வைத்தார்கள். அம்மா ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, உருட்டி, "ஏப்பா, இது களிதானே, இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்?" என்றார். ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

டிரைவர் சொன்ன ஒரு சங்கதி பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சுவாஹிலியில் மணியை விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள், காலை ஏழு மணிக்கு அவர்கள் கணக்கில் ஒரு மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணின நம்ம தாத்தாக்கள் மாதிரி. உள்ளூர் ஆள் யாராவது நேரம் சொன்னால் எந்தக் கணக்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு மணி நேரம் வித்தியாசம்.

திரும்பி வந்து ஓனரிடம் வேன் போட்டோவை நீட்டினேன். அவர் முதலில் மும்பைக்காரரைத் திட்டினார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு மாதம் இழுத்து 18 ஆயிரம் திருப்பிக் கொடுத்தார். ஸ்வெட்டர் பேச்சை நான் எடுக்கவில்லை. அம்மா மார்கழிக் காலையில் அந்தச் சிவப்புக் கட்டப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறார், கேட்கிறவர்களிடமெல்லாம் பேரம் பேசின கதையைச் சொல்கிறார்.