1932 ஃபோர்டு ரோட்ஸ்டர்: ஃப்ளாட்ஹெட்டா, ஸ்மால் பிளாக் ஷெவியா?

1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை ஹாட் ராட் (இன்ஜினைக் கூட்டி வேகமாக்கிய பழைய கார்) ஆக்க முடிவு செய்தவர்கள் முதலில் இன்ஜினைத் தீர்மானித்தாக வேண்டும். அந்தக் காரோடு கூடவே பிறந்த ஃப்ளாட்ஹெட் வி8-ஆ, 1955இல் வந்த ஷெவர்லே (செல்லமாக ஷெவி) ஸ்மால் பிளாக் வி8-ஆ? அமெரிக்க கராஜ்களில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. என் மனசு ஃப்ளாட்ஹெட் பக்கம்தான். அதற்காக ஷெவியைக் குறைத்துப் பேச மாட்டேன்.

சக்தியில் ஷெவிக்குப் போட்டியே கிடையாது. 1932 ஃப்ளாட்ஹெட் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ஃபோர்டு கார்களில் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் 239 கன அங்குலத்தில் 100ஐத் தொட்டது. ஸ்மால் பிளாக் வந்த வருடமே 265 கன அங்குலம், 162 குதிரைத்திறன். 1957 கொர்வெட்டில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைத்திறன்!

காரணம் வால்வு இருக்கும் இடம். ஃப்ளாட்ஹெட்டில் வால்வுகள் பிளாக்குக்குள் (இன்ஜினின் வார்ப்பு உடலுக்குள்), சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். ஹெட் என்பது கிட்டத்தட்ட ஒரு மூடிதான். காற்று மேலே ஏறி, திரும்பி, சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் அமுக்கத்தை, கூட்ட ஹெட்டைத் தாழ்த்தினால் அந்த வழியே குறுகிவிடும். சூடு இன்னொரு தலைவலி. எக்ஸாஸ்ட் வழிகள் பிளாக்குக்குள்ளேயே புகுந்து வெளியே வருகின்றன. ஒவ்வொரு பக்கமும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வாசல். அந்தச் சூடு முழுக்கத் தண்ணீரில் இறங்குகிறது. ரேடியேட்டர் சுமாராக இருந்தால் சிக்னலில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

வால்வு இடைவெளி சரிசெய்யும் வேலையைப் பாருங்கள். கம்பெனி ஃப்ளாட்ஹெட்டில் வால்வைத் தள்ளும் டாப்பெட்டில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. வால்வைக் கழற்றி, தண்டின் நுனியைக் கொஞ்சம் தேய்த்து, திரும்ப மாட்டி, அளந்து பார்க்க வேண்டும். அதிகமாகத் தேய்த்துவிட்டால் தொல்லைதான். அதனால்தான் அட்ஜஸ்ட் செய்யும் டாப்பெட்டைத் தேடி வாங்குகிறார்கள். ஷெவியில் வால்வை அழுத்தும், தகட்டில் அடித்த ராக்கர் ஆர்ம், நடுவில் ஒரு ஸ்டட் (மரையுள்ள தண்டு), அதன்மேல் ஒரு நட். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் முடிந்தது. ஸ்மால் பிளாக்கை உருவாக்கிய எட் கோலின் குழு எளிமையை எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்பதற்கு அந்த ஒரு நட் போதும். உதிரிபாகமும் அமெரிக்காவில் மூலைக்கு மூலை கிடைக்கும்.

பொருத்துவதில் மட்டும் ஷெவி கொஞ்சம் இடிக்கும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பின்பக்கம் இருப்பதால், இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் பலர் கை வைக்க வேண்டிவருகிறது. புதிதாக அச்சடித்த பாடி என்றால் சரி, வெட்டிக்கொள்ளட்டும். அசல் 1932 தகட்டில் கட்டர் வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் ஏன் ஃப்ளாட்ஹெட்? ஹாட் ராட் என்ற கலையே அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப்படுகைகளில் மட்கார்டைக் கழற்றிவிட்டு ஓடிய பையன்களிடம் இருந்தது பெரும்பாலும் ஃபோர்டு இன்ஜின்தான். ரேஸ் உதிரிபாகங்களுக்குப் பேர்போன விக் எடல்ப்ராக், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு செய்ய ஆரம்பித்ததும் இதற்காகத்தான். சோ-கால் ஸ்பீடு ஷாப்பின் ஸ்ட்ரீம்லைனர் (காற்றைக் கிழிக்கும் வடிவ ரேஸ் கார்), ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்க்குரியின் ஃப்ளாட்ஹெட்டை வைத்துக்கொண்டு 1950இல் பானவில் உப்புவெளியில் மணிக்கு 200 மைலைத் தாண்டியது. 65 குதிரைத்திறனில் தொடங்கிய வடிவத்திலிருந்து அதைப் பிழிந்தெடுத்தார்களே, அந்த உழைப்பின்மேல்தான் எனக்கு மயக்கம். இன்னொரு விஷயம்: ஃப்ளாட்ஹெட்டுக்கு மேல்வால்வு (வால்வுகள் ஹெட்டிலேயே இருக்கும்) ஆர்டன் ஹெட்டைக் கொடுத்த ஸோரா ஆர்கஸ்-டன்டோவ்தான் பின்னாளில் ஷெவர்லேக்குப் போய் ஸ்மால் பிளாக்கை ரேஸுக்கு இழுத்துவந்தவர். இரண்டு கட்சிக்கும் அவர் சொந்தக்காரர்.

தினமும் ஓட்ட வேண்டும், ஹைவேயில் நாள் முழுக்கப் போக வேண்டும் என்றால் 350 கன அங்குல ஷெவியைப் போடுங்கள், தயங்கவே வேண்டாம். 1940களின் தோற்றத்தில் கார் கட்டுகிறீர்கள், பானட் இல்லாமல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஃப்ளாட்ஹெட்தான். மேலே வரிசையாக ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள் உட்கார்ந்தால் அந்த இடத்தில் வேறெதுவும் பொருந்தாது. மெர்க்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) கிராங்கைப் போட்டால் 239 கன அங்குலம் 255 ஆகிவிடும். ஆனால் கிராங்கோ கார்புரேட்டரோ வாங்கும் முன் பிளாக்கைக் காந்தப்பொடி சோதனைக்கு அனுப்புங்கள். வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலும், ஸ்டட் துளை ஓரங்களிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசை இறக்குங்கள்.